தடைக்காலமும் ஒரு மாதக் குக்கியும்

ஜூன் 14, சனி

புழுக்கம். கரையெல்லாம் பெயின்ட் வாடை, டீசல் வாடை. இன்றோடு மீன்பிடித் தடை முடிகிறது. இரண்டு மாதமாகக் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் இனிக் கடலுக்கு.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, சோப்பு.

இலுப்பூரிலிருந்து கோட்டைப்பட்டினம் வந்து ஏழு மாதம். படகுச் சங்கத்துக்குக் காற்று நிலவரம் காட்டும் இணையதளம் செய்து கொடுத்தாயிற்று. பார்த்துக்கொள்ள என்று மாடி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். தடைக்காலத்தில் தளத்துக்கும் ஆள் வரவில்லை, அறைக்கும் வரவில்லை.

சாயங்காலம் கீழிருந்து சத்தம். சலீம் பாய், படகு டிரைவர். தடைக்காலம் முழுக்கக் கேரளாவில் வேலை பார்த்துவிட்டு நேற்றுத்தான் வந்தாராம்.

"என்ன காத்துக்காரரே, எளைச்சுப் போயிட்டீங்க. சோறு கீறு திங்கிறதில்லையா?"

"திங்கிறேன் பாய்."

"பொய்யி. நாளைக்கு வீட்டுக்கு வாங்க."

இந்த ஊரில் என்னிடம் இதைக் கேட்கிற ஒரே ஆள்.

ஜூன் 15, ஞாயிறு

போகவில்லை. ஏனென்று தெரியவில்லை. துணி துவைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

விடியும் முன் படகெல்லாம் கிளம்பின. கிளம்பும் முன் சலீம் பாய் படியேறி வந்து ஃபோனை நீட்டினார். "பச்சையா இருக்கு. காத்தே இல்லையாம்ல?" லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "ஆமா பாய்" என்றேன்.

காலையிலேயே ஜன்னல் படபடவென்று அடித்தது. என் ஃபோனில் தளம் சிவப்பு, பலத்த காற்று. டீக்கடைக்காரர் ஃபோனில் பச்சை. மேலே பொடி எழுத்தில் ஊர்ப் பெயர்: பழவேற்காடு. மாநிலத்தின் அந்தக் கோடி.

புரிந்தது. ஒருவர் தன் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் தளம் அவர் ஃபோனில் ஒரு குக்கி போட்டுவைக்கும். துண்டுச் சீட்டு மாதிரி. அடுத்த முறை ஃபோன் சீட்டை நீட்டும், தளம் அந்த ஊர்க் காற்றைக் காட்டும். தளத்துக்கு ஆளைத் தெரியாது, சீட்டைத்தான் தெரியும். சீட்டின் ஆயுள் ஒரு மாதம் என்று எழுதியவன் நான். ஒரு மாதம் வராதவன் இனி வரமாட்டான் என்று கணக்கு. மடையன். இரண்டு மாதத் தடையில் எல்லாருடைய சீட்டும் காலாவதி. சீட்டு இல்லையென்றால் பட்டியலின் முதல் ஊரான பழவேற்காட்டைக் காட்டும். வேலையற்றுத் தினமும் திறந்து பார்த்த என் ஃபோனில் மட்டும் சீட்டு புதிதாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

சங்கத்துக்கு ஓடினேன். ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சலீம் பாய் படகிலிருந்து பதில் இல்லை.

திருத்தம் நாலு வரி. இனிச் சீட்டு இல்லாவிட்டால் ஊரைக் கேட்கும்.

ஜூன் 17, செவ்வாய்

சலீம் பாய் இன்னும் வரவில்லை. அவர் மனைவி படியேறி வந்தார்.

"தம்பி, ஒங்க பொட்டியில பாத்துச் சொல்லுங்க. காத்து கொறையுதா?"

சிவப்பு. "கொறையுதுக்கா" என்றேன். குறையவில்லை.

மத்தியானம் இன்னொரு படகு அவர் படகைக் கட்டி இழுத்து வந்தது. இன்ஜினில் தண்ணீர். வலை போச்சு. ஆட்கள் எல்லாரும் உயிரோடு. கரையிலேயே சலீம் பாயிடம் சொல்லிவிட்டேன்: தளம் ஊரை மறந்துவிட்டது, மறக்கும்படி எழுதியது நான்.

அவர் முகமெல்லாம் உப்பு.

"ரெண்டு மாசம் தொழில் இல்லேன்னு இந்தக் கரையில திரியிற நாய்க்குக்கூடத் தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

தெரியாதென்று இல்லை. நினைக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

தளம் சரியாக ஓடுகிறது. எல்லாரும் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அம்மா ஃபோன். நல்லா இருக்கேன் என்றேன். மழை இல்லை.

ஜூன் 21, சனி

இருட்டு விலகும் முன் ஃபோன். சலீம் பாய். வேறொருவர் படகில் போகிறாராம்.

"ஃபோன்ல காட்டுறது கோட்டப்பட்டினத்துக் காத்துதானே? வாயால சொல்லு."

"காலையில லேசா இருக்கும் பாய். மத்தியானத்துக்கு மேல கூடும். அதுக்குள்ள வந்துருங்க."

"சரி."

வைத்துவிட்டார். ஜன்னலில் நின்று பார்த்தேன். கடலில் நிறைய விளக்குகள். எது அவர் போகிற படகு என்று தெரியவில்லை.