ஜூன் மாதத்துக் குளிர்

ஜூன் 3
எட்டாம் வகுப்புப் புவியியல் புத்தகத்துக்குப் புதிய பாடம்: 'இரு தீவு நாடுகள் – ஓர் ஒப்பீடு'. ஒன்று நம் தீவு. மற்றது, கடல் தாண்டி அண்ணன் இருக்கும் தீவு. பதிப்பாசிரியர் அதை என் தலையில் கட்டிவிட்டார். உலகத்தில் வேறு தீவே இல்லையா?

ஜூன் 5
அண்ணன் போன். வழக்கம்போல அரை நிமிடம்.
"அங்க வெயிலா?"
"மண்டை பிளக்குது. அங்க?"
"பரவால்ல."
அம்மா சாவுக்கு அவன் வரவில்லை. இனி எனக்கு அண்ணனே இல்லை என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருஷமாக வானிலை மட்டும்தான் பேசுகிறோம். இன்று இருமினான். நிற்கவேயில்லை.

ஜூன் 6
அண்ணி பேசினாள். நுரையீரல் பாதி போய்விட்டதாம். "குளிர் தாண்டிட்டா பொழைச்சுப்பார்னு டாக்டர் சொல்றார். அவரா உன்னைக் கூப்பிட மாட்டார். நீயே வாயேன்."
குளிருக்கு முன்னால் போய்விட வேண்டும். நவம்பருக்கு டிக்கெட் போட்டேன். அதற்குள் என் கோபமும் கொஞ்சம் ஆறும். சொன்னதும் அண்ணி, "உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டாள். ஏன் அப்படி?

ஜூன் 11
வரலாற்றுப் பகுதி. ஒரு காலத்தில் இரண்டு தீவுக்கும் ஒரே கொடி, ஒரே தபால்தலை, ஒரே கப்பல். 'இங்கிருந்து கூலிகளாகப் போனவர்களில் பலர் முதல் குளிரிலேயே இறந்தார்கள்' என்று எழுதியிருந்தேன்.
"சின்னப் பசங்களுக்கு எதுக்கும்மா சாவெல்லாம்? 'குடியேறினர்'னு போடுங்க" என்றார் பதிப்பாசிரியர்.
போட்டேன். கை கூசியது.

ஜூன் 14
காலநிலைப் பகுதி. 'நமக்குக் கோடையாக இருக்கும்போது அவர்களுக்குக் குளிர்காலம்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் எழுந்து வந்து அந்த வரியை மறுபடி படித்தேன்.
ஜூன். அங்கே குளிர் *இப்போதுதானடி*, முட்டாளே! இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் எழுதுகிறேன், சொந்த அண்ணனுக்குக் குளிர் எப்போது என்று தெரியவில்லை. தெரியவில்லையா — தெரிந்துகொள்ள மனசில்லையா?
அண்ணிக்குப் போன் போட்டு அழுதேன்.
"உனக்குத் தெரியாததா? வர இஷ்டமில்லாமத்தான் தள்ளிப்போடறேன்னு நெனச்சேன்" என்றாள். "அவரும் அப்படித்தான் நெனச்சார்."
ஐயோ.

ஜூன் 15
டிக்கெட்டை நாளைக்கு மாற்றியாயிற்று. பாடத்தைக் கொடுப்பதற்கு முன்னால் 'குடியேறினர்' என்பதை அடித்துவிட்டுப் பழைய வரியையே எழுதினேன். கத்துகிறவர் கத்தட்டும்.

ஜூன் 17
அவன் ஆஸ்பத்திரி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் பனி. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டுகிறது. இன்னும் இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.
சாயங்காலம் கண் திறந்தான். மூக்கில் குழாய். என்னை ரொம்ப நேரம் பார்த்தான். நான் வந்திருப்பது புரியவில்லையா, இல்லை பழக்கதோஷமா —
"அங்க வெயிலா?" என்றான்.
"இல்லண்ணா. எனக்கும் குளிருது."
என் கையைப் பிடித்துத் தன் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டான்.