விமலாக்கா சொன்ன ரோட்டில் நின்ற நாலு டிரெய்லர்கள்

என் சாயங்காலங்களுக்கெல்லாம் சொந்தக்காரியான விமலாக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் என் அப்பா சிரிப்பார். கேட்காமல் ஆரம்பிக்க எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகப் போகிறது. உங்கள் பேரில் நான் நடத்துகிற பக்கத்தில் இன்றைக்கும் யாராவது வந்து "அக்கா, குட் ஈவ்னிங்" என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அதை நான் அழிப்பதில்லை. லைக் போடலாமா கூடாதா என்றுதான் புரியவில்லை. நீங்களே சொல்லுங்களேன்.

என்னை ஞாபகம் இருக்குமா? திருவொற்றியூர் சங்கீதா. டிரெய்லர் ஓட்டுகிற முருகேசனின் மகள். ரேடியோ ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு தடவை உங்களைப் பிடித்து நிறுத்தி செல்ஃபி கேட்டேன். சந்தோஷத்தில் குதித்ததில் படம் ஆடிப் போனது. "இன்னாமா, என்னைய பேய் மாதிரி எடுத்து வச்சிக்கிற? குடு போன" என்று வாங்கி நீங்களே எடுத்தீர்கள். உங்கள் பாதி முகமும் என் முழு வாயும் இருக்கிற அந்தப் படம்தான் இன்னும் என் டிபி.

இந்தக் கடிதத்தை அந்தப் பக்கத்தில் போடப் போகிறேன். உங்களைக் கேட்டே இராதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்கள் கதையை உங்களிடமே சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டு பிளாக் வீட்டிலிருந்து கிளம்பிய பெண் நீங்கள். வண்ணாரப்பேட்டையில் ஒரு புடவைக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு, மைக் பிடித்துக் கூவுகிற வேலை. மற்ற கடைகளில் எல்லாரும் "வாங்க வாங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்துவார்கள். நீங்கள் ஒரே ஒரு ஆளைப் பார்த்துப் பேசுவீர்களாம். "பச்ச பொடவ கட்டுன அக்கா, வெயில்ல நிக்காத. உள்ள ஃபேன் கீது. வாங்காட்டி பரவால்ல, கொஞ்ச நேரம் குந்திட்டு போ." மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த எஃப்.எம். ஆள் ஒருவர், எதிர்ப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். துணி எடுக்க மறந்து, வீட்டில் திட்டு வாங்கி, அடுத்த வாரமே உங்களைத் தேடி வந்தாராம்.

முதலில் விளம்பரம் படித்தீர்கள். அப்புறம் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய சாயங்கால ஒரு மணி நேரத்தை உங்களிடம் தள்ளிவிட்டார்கள். "ரோட்டு மேல விமலா" அப்படித்தான் பிறந்தது.

பாட்டுக் கேட்டு போன் வரும் என்று அவர்கள் நினைத்தார்கள். வந்ததெல்லாம் ஹார்பர் கேட்டுக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகளிலிருந்து. எண்ணூர் ரோட்டில் வரிசையாக நிற்கிறவர்கள். வண்டி எப்போது நகரும் என்று தெரியாது, இறங்கி எங்கேயும் போகவும் முடியாது. நீங்கள் அவர்களிடம் பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கே நிற்கிறாய், முன்னால் என்ன தெரிகிறது என்று கேட்டீர்கள். ஒவ்வொருத்தர் சொல்வதையும் கோர்த்து, வரிசையின் வால் எங்கே இருக்கிறது, எந்த ரோடு காலி என்று எல்லாருக்கும் சொன்னீர்கள். அதுவரைக்கும் அதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு நாள் என் அப்பா லைனில் வந்தார். வீட்டில் நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"யாருபா லைன்ல?"

"முருகேசன்க்கா. எர்ணாவூராண்ட நிக்கிறேன்."

"இஞ்சின் ஓடிக்கினு கீதே, சத்தம் கேக்குது. ஆஃப் பண்ணு. டீசல் இன்னா மாமனார் வூட்டு சீரா?"

"முன்னால வண்டி நவுந்துச்சுன்னா?"

"நவுந்தா பின்னால இருக்கறவன் ஆரன் அடிப்பான், கவலப்படாத. சாப்டியா?"

"வூட்ல போய்தான்க்கா."

"முருகேசன் பொண்டாட்டி கேட்டுக்கினு கீறியா? இன்னும் ரெண்டு பாட்டு போவட்டும், அப்புறம் அரிசி போடு."

அம்மா வெட்கப்பட்டு ரேடியோ சத்தத்தைக் குறைத்தாள். வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உலை வைக்கிற நேரம் உங்கள் கையில்தான்.

டிவி உங்களைக் கூப்பிட்டபோது எங்கள் தெருவே துள்ளியது. ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்தது வேறு. வருகிற பெரிய நடிகையை நீங்கள் "மாமு" என்று கூப்பிட வேண்டும், அவர் முழிக்க வேண்டும், எல்லாரும் சிரிக்க வேண்டும். நீங்கள் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உங்கம்மா வூட்ல உங்கள இன்னான்னு கூப்புடும்?" என்று கேட்டீர்கள். அந்த நடிகை பேரைச் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் அழுதார். நம் பாஷையில் கேட்டதற்கு ஒருத்தர் அழுததை நான் டிவியில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் துண்டை எத்தனை முறை வெட்டி, ஒட்டி, போட்டிருப்பேன்! வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். எந்த கிளாஸுக்கும் போகவில்லை. நீங்கள்தான் என் பாடம், என் ஓட்டை போன்தான் பள்ளிக்கூடம்.

பிறகு டிவிக்காரர்கள் ஷூட்டிங்கைச் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். நீங்கள் டிவியை விட்டுவிட்டு ரேடியோவுக்கே வந்துவிட்டீர்கள். எல்லாரும் பைத்தியக்காரி என்றார்கள். வரிசையில் நின்றவர்கள் மட்டும் போன் போட்டு, எங்கே நிற்கிறோம் என்று சொன்னார்கள்.

இனி நீங்கள் போன பிறகு நடந்தது.

நாங்கள் எல்லாரும் ஸ்டேஷனுக்கு மெசேஜ் மேல மெசேஜ் போட்டோம். அக்கா குரலை நிறுத்தாதீர்கள், பழைய நிகழ்ச்சிகளையாவது போடுங்கள் என்று. அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். அதே நேரம், அதே குரல். முதல் நாள் நானும் அம்மாவும் கட்டிப்பிடித்து அழுதோம். அம்மா பழையபடி உங்களைக் கேட்டு உலை வைத்தாள். அப்பாவின் சாப்பாடு தினமும் ஆறிப் போனது. அப்போதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை அக்கா.

அப்படி ஒரு நாள் அப்பா மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து கன்டெய்னர் பெட்டி ஏற்றிக்கொண்டு வந்தார். கப்பலுக்கு நேரம் நெருங்கிவிட்டது. ரேடியோவில் நீங்கள் சொல்கிறீர்கள்: "எர்ணாவூராண்ட டைட்டா கீதுபா. சாத்தாங்காட்டுப் பக்கம் திரும்பிக்கோ, ரோடு காலியா கீது." அப்பா யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷம் நீங்கள் சொல்லி அவர் திரும்பாமல் இருந்ததில்லை. திரும்பிவிட்டார்.

பாதி தூரத்தில் ரோட்டை வெட்டிப் போட்டுத் தடுப்பு வைத்திருந்தார்கள். அந்த நீள வண்டியை அங்கே திருப்பவே முடியாது. பின்னால் எடுக்கலாம் என்று பார்த்தால் இன்னொரு டிரெய்லர் வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் ஒன்று. நாலு பேரும் இறங்கிவிட்டார்கள்.

"இன்னா முருகேசா, இங்க தோண்டி வச்சிக்கிறது தெர்யாதா? இன்னாத்துக்கு இதுல பூந்த?"

"நீ இன்னாத்துக்கு பூந்த?"

"ரேடியோல சொன்னாங்கபா."

"எனுக்கும் அதான்."

"யாருபா சொன்னது?"

"அக்காதான்."

நாலு பேருமே உங்கள் சாவுக்கு வந்து மாலை போட்டவர்கள். நாலு வண்டியின் கேபினிலிருந்தும் ஒரே நேரத்தில் உங்கள் குரல், "சாப்டியாபா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்ததாம்.

பெட்டி இல்லாமலே கப்பல் கிளம்பிவிட்டது. ஓனர் அப்பாவிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அப்பா வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அக்கா மேல தப்பு இல்ல. அது சொன்ன அன்னிக்கு ரோடு காலியாதான் இருந்திருக்கும்."

மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். உங்கள் குரலை நிறுத்தச் சொல்லப் போனேன் அக்கா. உங்கள் வெறி பிடித்த ரசிகை, உங்கள் பேரைக் கையில் பச்சை குத்திக்கொண்டவள். பஸ் ராயபுரம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

நிகழ்ச்சிப் பொறுப்பில் இருக்கிற சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போடுங்க போடுங்கன்னு கேட்டது நீங்கதானம்மா. இப்போ நிறுத்தணும்னா எப்படி? ஜனங்களுக்கு அவங்க குரல் வேணும்."

"குரல் வேணும் சார். ஆனா வண்டி ஓட்டுறவங்க அத பாட்டா கேக்கல, வழியா கேக்குறாங்க."

பக்கத்தில் பாஸ்கரன் அண்ணன் நின்றார். உங்கள் நிகழ்ச்சிக்கு எப்போதும் சவுண்டு பார்த்தவர். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அக்கா லீவு போட்டா ரெக்கார்டிங் போட உடாது சார். வெறும் பாட்டு போடுன்னு சொல்லும். நான் இல்லாத அன்னிக்கு நான் பேசுனா எவனாவது நம்பி திரும்பிடுவான்பான்னு சொல்லும்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"எனக்கும் கேக்கணும் போல இருந்துச்சு சார்."

சார் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்த நேரத்துக்கு வர ஆளே கிடைக்கல. நீ பேசுறியா?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் சரி என்றுவிட்டேன். "ஒரு நாள் பார்ப்போம். போன் வரலன்னா அப்புறம் அந்த நேரம் பாட்டுக்குப் போயிடும். லாரி, கேட் எல்லாம் அதோட முடிஞ்சுது" என்றார் சார்.

நேற்றுத்தான் அந்த ஒரு நாள்.

உங்களை மாதிரிப் பேச எனக்கு நன்றாக வரும். அப்படிப் பேசிப் போடுகிற ரீல்ஸைத்தான் பக்கத்தில் நிறைய பேர் பார்ப்பார்கள். அதே இழுவை, அதே சிரிப்பு. "இன்னாபா, கேட்டாண்ட இன்னா நெலவரம்?" என்று உங்கள் குரலிலேயே ஆரம்பித்தேன். ஒரு பாட்டு ஓடியது. போன் இல்லை. இன்னொரு பாட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் போன் லைட் எரிந்தது.

"யாருமா நீ?"

"சங்கீதாண்ணா. டிரெய்லர் முருகேசன் பொண்ணு."

"இன்னாத்துக்கு அக்கா மாதிரி பேசுற? கேக்க முடியலமா. ஒன் தொண்டையில பேசு."

"சரிண்ணா."

"சரின்னா? எங்க நிக்கிறன்னு கேக்க மாட்டியா?"

"எங்கண்ணா நிக்கிறீங்க?"

"டோல்கேட்டாண்ட. அப்பலேந்து நவுர்ல. எழுதிக்கோ."

அவ்வளவுதான். அவருக்குப் பிறகு காசிமேட்டிலிருந்து ஒருத்தர். அப்புறம் எண்ணூரிலிருந்து. எல்லாருக்கும் அடக்கி வைத்திருந்த பேச்சு போல. நான் கேட்டேன், எழுதினேன், கோர்த்தேன். சாத்தாங்காட்டு ரோடு வெட்டிக் கிடக்கிறது, யாரும் திரும்பாதீர்கள் என்று பாட்டுக்குப் பாட்டு சொன்னேன். என் குரல் கீச்சென்றுதான் இருந்தது. உங்களுடையது மாதிரி ஒரு சதவீதம்கூட இல்லை.

முடிகிற நேரத்தில் மீஞ்சூரிலிருந்து ஒருத்தர் லைனில் வந்தார். "வண்டி எடுக்கப் போறேன். நீ சொல்றத நம்பி வர்லாமா?"

நம்பி வந்து நாலு பேர் நின்றது கண் முன்னால் வந்தது. எழுதி வைத்ததை மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

"இப்ப எடுக்காதீங்கண்ணா. வால் எர்ணாவூர தாண்டிடுச்சு. டிபன் சாப்ட்டு எடுங்க."

"அப்டியா? சரிமா, சாப்ட்டே வரேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் சொன்னேன் என்பதற்காக வண்டியை எடுக்காமல் ஒரு ஆள் சாப்பிட உட்கார்ந்தார் அக்கா. உங்களுக்கு முதல் தடவை இப்படித்தான் இருந்ததா? பயமாக இருந்ததா, சந்தோஷமாக இருந்ததா? எனக்கு இரண்டுமே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அடுத்துப் போடத் தயாராக வைத்திருந்த பாட்டுகளை பாஸ்கரன் அண்ணன் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தார். சார் கட்டியிருந்த கையை எடுத்து, நாளைக்கும் வா என்பது போலக் காட்டிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு இன்று காலை சாவி கிடைத்துவிட்டது. ஓனரும் நேற்று ரேடியோவில் என்னைக் கேட்டிருக்கிறார்.

ஒரு சத்தியம் பண்ணித் தருகிறேன். உங்கள் பழைய நிகழ்ச்சிகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கும், பக்கத்தில் போடுவேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால், "இது பழசு, வண்டி ஓட்டுறவங்க திரும்பிடாதீங்க" என்று என் கீச்சுக் குரலில் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் உங்களைப் போட மாட்டேன், உங்களை மாதிரியும் பேச மாட்டேன். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். என்னைக் கேட்டு வருகிற ஒருத்தரும் வெட்டிப் போட்ட ரோட்டில் போய் நிற்க மாட்டார்.

நேரமாகிவிட்டது, ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். இன்றைக்கு ரோடு எப்படி இருக்கிறதோ, போய்த்தான் கேட்க வேண்டும்.

முருகேசன் மகள்,
உங்கள் பெற்றோரைக் கேட்காமலே உங்களுக்குப் பிறந்துவிட்ட தங்கச்சி,
சங்கீதா