கைப்பையில் இருந்த இரண்டு பொட்டலங்கள்

வாசலூர்பட்டி

அன்பு மகன் பிரேமுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் செவ்வாய்க்கிழமை மதியம் மலை வந்து சேர்ந்தேன், முட்டிவலி தவிர வேறு குறையில்லை. நீயும் அருணாவும் சுகமாயிருக்க ஜெபமாலையில் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ பாதி கேட்பாய், மீதிக்கு சரிம்மா என்பாய், அதனால்தான் காகிதம். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஏறிய பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார், ஆனாலும் கவரில் எடுத்து, முடிச்சுப் போட்டு, இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்தார். உங்கள் மும்பையில் அந்த அளவு ஒழுக்கத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து என்னை நடத்தியே ஊர் சுற்றிக் காட்டினாய், அதைக் குறை சொல்லவில்லை, காரில் போனால் ஊர் தெரியாது என்று நீ சொன்னது சரிதான். அப்படி நடந்ததில் கண்ணில் பட்ட ஊர்தான் குமட்டியது. கல் கட்டடங்கள் அரண்மனை மாதிரி, அவற்றின் அடியில் இடுப்பு உயரத்துக்குப் பான் எச்சில். தூணுக்குத் தூண் மூத்திர நாற்றம். புறாவுக்குத் தானியம் இறைப்பது புண்ணியமாம், அந்தப் புண்ணியத்தின் எச்சத்தை மிதித்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தேன். நீ மேலேயே கையைக் காட்டிக் கோபுரம் பார், கடிகாரம் பார் என்றாய், ஒரு குப்பைத்தொட்டியைக் காட்டவில்லை. நம் ஊர் ஏரிக்கரையில் டூரிஸ்ட்காரர்களை நிறுத்திப் பாட்டிலைப் பொறுக்க வைக்கிறவள் நான், அங்கே மட்டும் தெருவில் போடுவேனா. வாழைப்பழத் தோலையும் கடலைத் தோலையும் பேப்பரில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எறும்பு ஏறிவிட்டது என்று முகத்தைச் சுளித்தாய். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்ததும் உன் ஆபீஸ்காரர்கள் இருவர் எதிரே வருவதைப் பார்த்துவிட்டு, "குப்பையைத் தூக்கிட்டு அலையறியே, மானம் போகுதும்மா" என்று என் பைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கடலில் வீசினாய், வீசிய கையாலேயே அவர்களுக்குக் கைகொடுத்தாய். நான் வாய் திறந்திருந்தால் அவர்கள் முன்னாலேயே உன்னை அறைந்திருப்பேன்.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். பையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. தோல் இருந்தது இங்கிலீஷ் பேப்பரில், நீ வீசியது தமிழ்ப் பேப்பர், அதில் இருந்தது மிளகு. பக்கத்துக் காட்டு வேலம்மாள் மூன்று வருஷத்துக்கு முன் நீ லீவில் வந்தபோது உன் கையால்தான் கொடி ஊன்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளே, அந்தக் கொடியின் முதல் பறிப்பு. அவர்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், ஊன்றிய கைக்காரர் கடித்துப் பார்த்துக் காரம் சொல்லும்வரை ரசத்துக்குக்கூட அதை எடுக்கமாட்டார்கள். உன் வீட்டில் உன் கையில் எந்நேரமும் போன், கடற்கரையில் உட்கார்ந்ததும் உள்ளங்கையில் வைக்கலாம் என்று காலையிலிருந்து சுமந்தேன். தோலை வீட்டுக்குக் கொண்டுவந்து அருணாவிடம் கொடுத்தேன், வேண்டுமானால் கேட்டுப்பார்.

இங்கே வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வேலம்மாள் வந்து நின்றாள். "ஏனுங்க டீச்சர், கண்ணு மொளகு கடிச்சுப் பாத்துச்சுங்களா? காரம் எப்படீன்னு சொல்லுச்சுங்க?" என்றாள். என் மகன் அதைக் குப்பை என்று கடலில் போட்டான் என்று எப்படிச் சொல்வேன். நாக்கு சுருண்டுவிட்டது என்றான் என்று சொன்னேன். சிஸ்டர்களிடம் படித்து, முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் எடுத்த வாய் இது. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மறுநாளே அந்த மிளகில் ரசம் வைத்து, முதல் பங்கை எனக்கென்று தூக்குவாளியில் கொண்டுவந்து, நான் குடிக்கும்வரை நின்றாள். குடித்தேன். நல்ல ரசம். உன்மேல் இருந்த அருவருப்பு அந்த ஒரு வாய் ரசத்தோடு என்மேலும் வந்துவிட்டது. பொய் சொன்ன வாயில் வாங்கக்கூடாது என்று, ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட நான் வாங்காமல் இருந்ததில்லை, கோயிலே திரும்பிப் பார்த்தது.

ஆகையால் நீ வேலம்மாளுக்குப் போன் செய்து உன் வாயால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்குமேல் காட்டிலிருந்து வந்துவிடுவாள், அவள் மகன் செல்லமுத்துவின் நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தோல் என்று நினைத்தேன் என்பதோடு நிறுத்தாதே, ஆபீஸ்காரர்களுக்கு முன்னால் அம்மாவை நினைத்து வெட்கப்பட்டேன் என்பதையும் சொல். அவள் ஏசினால் கேட்டுக்கொள். கடிதத்தைப் பதிவுத் தபாலில், நீ கையெழுத்துப் போட்டுத் திரும்பி வரும் ஒப்புதல் அட்டையோடு அனுப்புகிறேன், கிடைக்கவில்லை என்று தப்பிக்க முடியாது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, அருணாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக, உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன், கோபத்தோடுதான். அட்டை திரும்பி வருகிற வாரம் சனிக்கிழமை சாயங்காலம் வரை பொறுத்திருப்பேன். அதற்குமேல் நானே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன், மறுநாள் எனக்கு நற்கருணை வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மெர்சி சவரிமுத்து