வெறும் குழாயில் கேட்ட எதிரொலி

மார்ச் 2

அன்பு மகளுக்கு,

இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் உடலளவில் நலம். நீயும் உடலளவில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மற்ற வகையில் நலமா என்று கேட்கவே இந்தக் கடிதம். கோபத்தில் வரிசை குலைந்துவிடக் கூடாது என்பதால் என் குறைகளை முதலிலேயே தேதியிட்டு எழுதிவிடுகிறேன்.

1. நவம்பர் 9. உங்கள் ஆய்வுக் கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று தொலைபேசியில் சொன்னாய். நீங்கள் ஆராயும் மூலக்கூறு இல்லாத வெறும் குழாயையும் அதே கருவியில் வைத்து அளந்தாயா என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்தாச்சுப்பா" என்றாய். நீ பார்த்திருக்கவில்லை.

2. ஜனவரி 12. ஒருவழியாகப் பார்த்தாய். மூலக்கூற்றின் எதிரொலி என்று நீங்கள் எழுதிய அதே எதிரொலி வெறும் குழாயிலிருந்தும் வந்தது. கேள்வி கேட்டவன் நான். பதிலை நீ தம்பியிடம் சொன்னாய்.

3. பிப்ரவரி 3. ஆய்வேட்டில் வெறும் குழாயைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்றார் உன் பேராசிரியர். தலையாட்டினாய்.

4. பிப்ரவரி 22. வெகுநேரம் பேசினாய். அம்மாவின் முழங்கால் வலி, அங்கே ஓயாத மழை, பக்கத்து அறைக்காரியின் பூனை எல்லாம் வந்தன. குழாய் மட்டும் வரவில்லை.

தம்பியைக் கோபித்துக்கொள்ளாதே. நேற்றுச் சாப்பிடும்போது அக்கா எப்போது டாக்டர் ஆவாள் என்று அம்மா கேட்டாள். அவன் தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா" என்று என்னிடமே சொன்னான். ரகசியத்தை ஒப்படைக்க நீ தேர்ந்தெடுத்த ஆள் அப்படி. "எல்லா லேப்லயும் இப்படித்தான்டா" என்று அவனுக்கு நீ ஞானோபதேசம் வேறு செய்திருக்கிறாய். எல்லா ஆய்வுக்கூடங்களையும் நீ எப்போது சுற்றிப் பார்த்தாய் என்று தெரியவில்லை. நான் ஒன்றை நடத்துகிறேன். குடிநீரைப் பரிசோதிக்கும் சாதாரணக் கூடம்தான். உன் பேராசிரியர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். அங்கே தினமும் காலையில் ஆற்றுநீரைத் தொடுமுன் சுத்த நீரை வைத்துக் கருவியை அளக்கச் சொல்வேன். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் அதைக் கேலியாக, "சார் மெஷினுக்கு வாய் கொப்பளிக்க வைக்கிறார்" என்பார்கள். கேலி செய்துகொண்டே தவறாமல் செய்வார்கள். கருவியின் வாயில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஆறு என்ன சொல்கிறது என்று அறிக்கை எழுத முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் துறை எனக்குப் புரியாது என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். புரிந்தவரை சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்து. ஓர் உலோக அணுவைக் கரிமக் கூண்டுக்குள் அடைத்து, அந்த ஒற்றை மூலக்கூற்றையே ஒரு காந்தமாக்குகிறீர்கள். திரவ ஹீலியத்தால் அதைக் குளிர்வித்து, நுண்ணலைத் துடிப்புகளால் அதன் சுழற்சியைப் புரட்டுகிறீர்கள். மேலா கீழா என்று முடிவாகாத நிலையில் அதைப் பிடித்து வைக்க முடிந்தால், நாளைய குவாண்டம் கணினிக்கு அது ஒரு கியூபிட், தகவலைத் தாங்கும் அலகு. புரட்டிவிட்டுக் காத்திருந்தால் ஓர் எதிரொலி வரும்; அது எவ்வளவு நேரம் அடங்காமலிருக்கிறதோ அவ்வளவு நேரம் மூலக்கூறு தன் நினைவைத் தக்கவைத்திருக்கிறது என்று பொருள். யாரும் காணாத அளவுக்கு நீண்ட நினைவு என்று நீங்கள் அறிவித்தீர்கள். ஆனால் அது, மூலக்கூற்றை இட்டுவைத்த குவார்ட்ஸ் குழாயின் குறைபாடு எழுப்பிய ஒலி. விஞ்ஞானிகள் கூடி, ஒரு குழாயின் ஞாபகசக்தியை மெச்சி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா உன்னிடம், அந்தக் காந்தம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுமா என்று கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தாய். அவராவது சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்.

தவறு செய்ததற்கு நான் கோபப்படவில்லை என்பதைப் புரிந்துகொள். குழாய் எல்லோரையும் ஏமாற்றும். தெரிந்த பிறகும் அதை "பின்னணி இரைச்சல்" என்று பெயர் மாற்றிக் கூப்பிடுகிறாரே உன் பேராசிரியர், அதற்கும் எனக்குக் கோபமில்லை, வெறும் இளக்காரம்தான். எனக்குச் சகிக்காதது வேறு. இந்த ஆண்டு உங்கள் குழுவில் சேர்ந்த பெண்ணுக்கு, அப்படிப்பட்ட இரண்டு மூலக்கூறுகளை இணைக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்களாம். இல்லாத நினைவை நம்பி அவள் தன் ஆய்வுக்காலம் முழுவதையும் தொலைக்கப்போகிறாள். தினமும் மத்தியானம் அவளோடுதான் சாப்பிடுகிறாய் என்கிறான் தம்பி. உனக்கு எப்படிச் சாப்பாடு இறங்குகிறது?

அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "விரட்டாதீங்க, அங்க தனியா இருக்கா" என்கிறாள். பட்டம் தள்ளிப்போகும், உதவித்தொகை நிற்கலாம், பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று நீ பயப்படுவதும் எங்களுக்குத் தெரியும். தள்ளிப்போகட்டும். உன் அறையில் என் பழைய சஞ்சிகைகளை அடுக்கியிருந்தேன். இன்று காலை அவற்றை அப்புறப்படுத்திவிட்டேன். கட்டிலுக்கு இப்போது வழி இருக்கிறது. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தகவலாக எடுத்துக்கொள். அம்மா கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறாள். அங்கே குளிர் விடும்வரை காதை மூடிக்கொண்டு போகச் சொல்கிறாள்.

உனக்கு என் ஆசி என்றும் உண்டு, அதற்கு நிபந்தனை எதுவுமில்லை. கீழே கேட்பதற்கு மட்டும் கெடு உண்டு. மார்ச் 31 அன்று ஆய்வேட்டைக் கொடுக்கிறாய். வெறும் குழாயின் அளவீடு அதில் இருக்குமா, கட்டுரையைத் திருத்தக் கோரி இதழுக்கு எழுதுவாயா, அந்தப் பெண்ணிடம் சொல்வாயா என்ற மூன்றுக்கும் 20ஆம் தேதிக்குள் உன் பதில் எழுத்தில் எனக்கு வந்தாக வேண்டும். தொலைபேசி வேண்டாம். தொலைபேசியில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், குழாய் அப்படியே இருக்கும். எழுது.

இப்படிக்கு,
அப்பா