பச்சைப் பொத்தானை அழுத்திய காலை

இன்று காலையும் வண்டியைக் கிளப்பியதும் ஸ்டியரிங் பக்கத்துத் திரை வெளிச்சமாகி வழக்கம்போல உன்னைத் தேடத் தொடங்கிவிட்டது. 'கார் ஓனர் இணைக்கப்படுகிறது' என்று கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, 'கார் ஓனர் கிடைக்கவில்லை' என்று எழுதிக் காட்டிவிட்டு அடங்கியது. உன் போனுக்கு அந்தப் பெயரை வைத்தவள் நீதான். உனக்கு ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கிடையாது, பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பெயர் மட்டும் கார் ஓனர். வண்டியின் சொந்தக்காரியான என் போன் அதே பட்டியலில் உனக்குக் கீழே கம்பெனி வைத்த பெயரோடு கிடந்தது.

போன வாரம் திரை அடிக்கடி உறைந்துபோகிறதே என்று, அதை மாட்டிக்கொடுத்த பழனி ரோட்டுக் கடைக்கே வண்டியை விட்டேன். கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மேடம், பழைய போனு அம்புட்டும் கெடக்கு. எல்லாத்தையும் அழிச்சு விட்டுர்றேன், சும்மா பறக்கும் பாருங்க" என்றார். மற்றதையெல்லாம் அழிக்கச் சொன்னேன். உன்னுடையதை மட்டும் விடச் சொன்னேன். "இது சார் போனுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அந்தத் திரையை வாங்க வைத்ததே நீதான். சேவுகம்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு, உனக்குச் சமூக அறிவியல். காலை எட்டு மணிக்கு திண்டுக்கல் பேகம்பூரில் உன் தெருமுனையில் உன்னை ஏற்றிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு டீச்சர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, செம்பட்டி வழியாகப் போவோம். பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்துவிட்டால் நாம் 'வாங்க டீச்சர், சாப்டீங்களா டீச்சர்'. காருக்குள் 'வாடி, போடி'. பின்னால் இருந்தவர்களுக்கு அது பழகிவிட்டது. பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. பதினோரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

வண்டியோடு வந்த பழைய ரேடியோ இரைச்சலைத் தவிர வேறு எதையும் பாடாது. நீதான் நச்சரித்து நச்சரித்து இந்தத் திரையை மாட்ட வைத்தாய். மாட்டிய நாளிலிருந்து அதில் என் விரல் பட விட்டதில்லை. பாட்டு மாற்றக் கையைக் கொண்டுபோனால் தட்டிவிடுவாய். "நீ ரோட்டப் பாரு. டப்பாவ நான் பாத்துக்கிறேன்." நோன்பு மாதம் வந்தால் பாட்டை நீயாகவே நிறுத்திவிடுவாய். அந்த முப்பது நாளும் வண்டிக்குள் கேட்பது வழி சொல்லும் பெண்ணின் குரல் மட்டும்தான். தினமும் போகிற ரோட்டுக்கு எதற்கு வழி என்று கேட்டால், "பாவம், அவளும் பேசாட்டி வண்டி வெறிச்சுனு கெடக்கும்டி" என்பாய். அவளோடு நீ போட்ட சண்டைகளுக்கும் குறைவில்லை. மழைக்கு ரோடு அறுத்துக்கொண்ட ஒரு நாள் அவள் வலப்புறம் திரும்பச் சொன்னாள். நீ திரையைப் பார்த்து, "அந்தப் பக்கம் கம்மாய் நெறஞ்சு கெடக்கு. ஒனக்கு நீச்சல் தெரியும், எங்களுக்குத் தெரியணும்ல?" என்று கேட்டாய். பின்னால் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு கியர் மாற்றவே மறந்துபோனது.

கீரனூர் போன கதையை மட்டும் நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாய். இனி சொன்னால் என்ன செய்வாய்? பழனிப் பக்கத்துக் கீரனூரில் ஒரு பயிற்சி வகுப்பு. நாம் இருவர் மட்டும் போனோம். நீ திரையில் கீரனூர் என்று தட்டி, முதலில் வந்ததைத் தொட்டுவிட்டாய். தமிழ்நாட்டில் இன்னும் எத்தனை கீரனூர் இருக்கிறதென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், நமக்குத்தான் நினைவில்லை. உன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த கதையை நீ சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் வாய் பார்த்துக்கொண்டே அவள் சொன்ன பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தேன். வடமதுரைப் பலகையைப் பார்த்த பிறகுதான் புதுக்கோட்டைக் கீரனூருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. பார்க்காமலே கரும்பலகையில் இந்தியா வரைகிற டீச்சர் நீ. மேற்கே போக வேண்டியவளைக் கிழக்கே கூட்டிக்கொண்டு போனாய். "மாப்ள வீடு நல்ல வீடுன்னா தெசகூட மறந்துபோகுதுடி" என்று ஒரு சமாதானம் வேறு சொன்னாய்.

உனக்கு அந்த மாப்பிள்ளை வீடு அவ்வளவு பிடித்திருந்தது. நிக்காஹ் நாளும் குறித்தாயிற்று. அதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் நான் அதைச் செய்தேன்.

என் கணவருக்கு ஒரு பழக்கம். நான் செம்பட்டியைத் தாண்டுகிற நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார். சாவி எங்கே, கேஸ் புக் பண்ணியாச்சா, மோட்டார் போடவா என்று ஏதாவது இருக்கும். ஸ்டியரிங்கில் இருக்கிற பச்சைப் பொத்தானை அழுத்தினால் அவர் குரல் வண்டி முழுக்கக் கேட்கும். நாலு பேரும் சேர்ந்து பதில் சொல்வோம். அந்த இடத்தில் மணியடித்தால் என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே அங்கே போய்விடும். அன்றும் பாட்டு நின்று மணியடித்தது. திரையைப் பார்க்காமலே அழுத்திவிட்டேன். அது உனக்கு வந்த அழைப்பு.

"வணக்கம் மேடம், மதுரைலருந்து, ஆஸ்பத்திரிலருந்து பேசுறோம். மார்க் கட்டிலருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்குக் குடுத்தீங்கள்ல, ரிப்போர்ட் வந்துருச்சு. டாக்டர் பாத்துட்டு, கீமோ ஆரம்பிக்கணும், லேட் பண்ண வேணாம்னு சொல்றாங்க. இந்த வாரமே வந்துருங்க மேடம்."

நீ திரையெல்லாம் தடவினாய். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கையாளுகிறவளுக்கு அன்று சிவப்புப் பொத்தான் அகப்படவில்லை. அந்தப் பெண் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்து அவளே வைத்தாள். வைத்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தானாகப் பாட ஆரம்பித்தது. நான்தான் அணைத்தேன். 

உனக்குக் கட்டி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உன் வீட்டுக்காரரிடம்கூட நீ சொல்லியிருக்கவில்லை. பின்னால் இருந்த ஒரு டீச்சருக்கு, மாப்பிள்ளையின் மாமா அடுத்த வீட்டுக்காரர். அந்த டீச்சர்மேல் குறை சொல்லி என்ன பயன்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே விஷயம் திண்டுக்கல் போய்விட்டது.

சாயங்காலம் உன் தெருமுனையில் நிறுத்தினேன். மற்றவர்கள் முன்பே இறங்கியிருந்தார்கள். கதவைத் திறப்பதற்கு முன் நீ பட்டியலுக்குள் போய் உன் போனை உன் கையாலேயே அழித்தாய். "நாளைலருந்து நான் பஸ்ல வந்துக்கிறேன் டீச்சர்" என்றாய். காருக்குள் நீ என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சத்தியமா தெரியாம அமுக்கிட்டேன்டி."

"அமுக்குனது நீங்கதான டீச்சர்?"

 உன் உடம்புக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். என்னால் உன் மகள் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். பன்னிரண்டு நாள் நீ பஸ்ஸில் வந்தாய். சில நாள் என் வண்டிக்கு முன்னாலேயே அந்த பஸ் போகும். முந்தத் தைரியமில்லாமல் அதன் புகையைத் தின்றுகொண்டே பின்னால் போவேன். பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்து உட்காரட்டுமா என்று கேட்டபோது, உன் இருக்கையில் என் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலை நீ தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாய். கதவைத் திறந்து, பையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு உட்கார்ந்தாய். "சம்பந்தியம்மா நேத்து வீட்டுக்கு வந்துச்சு" என்று நேரே பார்த்துக்கொண்டே சொன்னாய். "நோவு நொடியெல்லாம் அல்லா கைல இருக்கு. நிக்காஹ்வு நம்ம கைலதான இருக்கு, முன்னாடியே வச்சுக்குவோம். நீ தெம்பா நின்னு பாக்கணும்னுச்சு. நாந்தான் அந்தம்மாவத் தப்பா எட போட்டுட்டேன்."

"அப்ப என்னைய?"

"ஒன்னைய எட போட அம்புட்டுப் பெரிய தராசுக்கு எங்கடி போறது?"

சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ அதையெல்லாம் கவனிக்காதவள்போலப் போனை எடுத்து மறுபடியும் திரையோடு இணைக்க ஆரம்பித்தாய். இரண்டிலும் இருப்பது ஒரே எண்தானா என்று அது கேட்டது. நீ போனைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாய். நான் திரையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி அழைப்புகளை எல்லாம் வண்டிக்குள் ஊரறியவே பேசினாய். சனிக்கிழமைகளில் நாம் இருவரும் மதுரைக்குப் போய்வந்தோம். திரும்பும்போது உனக்குக் குமட்டும். வழி சொல்கிறவளின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஊர்ந்துகொண்டே வருவேன். முடி கொட்ட ஆரம்பித்த வாரம் சின்னாளப்பட்டியில் நிறுத்தச் சொன்னாய். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சுங்குடிச் சேலைகள் எடுத்தாய். கூடவே கழுவிக் கழுவி மிருதுவாகிப்போன துணிபோல இருந்த ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய். "இது தலைக்குக் கட்ட" என்றாய். கடைக்காரருக்குப் புரியவில்லை. நான் வெளியே வந்து செத்த நேரம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

நிக்காஹ் அன்று அந்தச் சுங்குடித் துணிக்கு மேலே பட்டு முக்காடு போட்டுக்கொண்டு, நீ தெம்பாகவே நின்றாய். பிரியாணி எனக்கு வந்ததா என்று மூன்று முறை ஆள் விட்டுக் கேட்டாய்.

அதற்கப்புறம் சில மாதங்கள் பள்ளிக்கு வந்தாய். பிறகு வர முடியாமல் போனது. அப்போதும் வண்டியை நீ விடவில்லை. காலை எட்டேகால் ஆனால் படுக்கையிலிருந்து கூப்பிடுவாய். "எங்கடி வாரீங்க?" என்பாய். எங்கே நெல் நட்டிருக்கிறார்கள், எந்தக் கம்மாயில் தண்ணீர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே போவோம். பள்ளிக்கூட வாசல் வந்ததும், "சரி, எறங்கிப் போங்க டீச்சர்களா" என்று சொல்லி வைப்பாய்.

கடைசியாக நீ கூப்பிட்ட காலையில் வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன். குரல் மெலிந்திருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"வேற யாரும் இருக்காகளா?"

"இல்லடி, சொல்லு."

"அந்த ஆஸ்பத்திரி நம்பரு இருக்குல்ல, அது அன்னைக்கு மொதவாட்டி வரல. அதுக்கு முன்னாடியே மூணு தடவ வந்துச்சு. மூணையும் நான் கட் பண்ணேன். ஒன் பக்கத்துல ஒக்காந்துதான் கட் பண்ணேன். யாருடின்னு கேட்ட. லோன் வேணுமான்னு கேக்குறாய்ங்கன்னு சொன்னேன். நிக்காஹ்வு முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு இருந்தேன். அன்னைக்கும் கட் பண்ணத்தான் கைய நீட்டுனேன். நீ முந்திக்கிட்ட."

நான் சத்தத்தை இன்னும் ஒரு படி கூட்டினேன்.

"நீ எடுக்கலைன்னா நான் எடுத்துருக்கவே மாட்டேன்டி. எம் மக கல்யாணத்துக்கு நின்னுருக்கவும் மாட்டேன். பஸ்ல வந்தது ஒம்மேல கோவத்துல இல்ல. மாட்டிக்கிட்டேன்ல, அந்த வெக்கம்."

"இத அப்பவே சொல்லியிருந்தா என்னடி? எத்தன நாளு வெந்து செத்தேன் தெரியுமா?"

"சொன்னா ரொம்பப் பெரும பீத்துவ" என்றாய். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அந்த இருமலோடுதான் வைத்தாய்.

அந்த வாரமே நீ போய்விட்டாய். உங்கள் வழக்கத்தில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. எங்கள் வழக்கமும் ஏறக்குறைய அதுதான். உன் தெருமுனை வரை வந்து, எப்போதும் உன்னை இறக்கிவிடுகிற இடத்தில் நின்று, உன்னைத் தூக்கிப்போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

என் விரல் செய்த தப்பை நீ மன்னித்துவிட்டாய். அந்தப் பாரம் இப்போது என்னிடம் இல்லை. ஆனால் அந்த மூன்று அழைப்புகளை என்னால் விட முடியவில்லை. மூன்று முறை நீ பயந்து நடுங்கி அதை வெட்டியிருக்கிறாய். மூன்று முறையும் உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு கியர்தான் இருந்தது. லோன் என்றதும் நம்பிவிட்டு, பத்தாம் வகுப்பு மார்க்கைப் பற்றி நான் புலம்பிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு முறை வண்டியை ஓரம் கட்டி உன் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

உன் இடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார். அமைதியான பெண். நம் வண்டியில்தான் வருகிறார். சில நாள் அவர் போன் அடிக்கும். யாரென்று பார்த்துவிட்டு வெட்டிவிடுவார். "யாரோ கம்பெனிக்காரவுக டீச்சர்" என்பார். அப்படிச் சொன்னால் நான் அடுத்த புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிடுகிறேன். "கூப்பிட்டுப் பேசிட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்று சொல்லி, வண்டியை அணைத்து, பின்னால் இருப்பவர்களையும் இறக்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறேன். பெரும்பாலும் அது கம்பெனிக்காரர்களாகவே இருக்கும். ஒரு நாள் மட்டும் அவர் வெகுநேரம் குனிந்துகொண்டு பேசினார். பிரேயர் முடிந்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். தலைமையாசிரியரிடம் டயர் பஞ்சர் என்று சொன்னேன். எவ்வளவு நேரமானாலும் நான் கண்ணாடியைத் தட்டுவதில்லை.