நார்த்தூளில் கலந்த கிரிக்கெட்

என்னங்க,

சோறு அடுப்பின் மேல் இருக்கிறது. உங்கள் அக்கா மாலை வருகிறார், காபி நீங்களே போடுங்கள்.

போன முறை வந்தபோது அவர் மூக்கைப் பொத்தினார் என்பதற்காக, நான் இரண்டு வருடம் மக்க வைத்த இலை உரத்தைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டீர்கள். "கடையில பீட் மண்ணு மூட்டையா விக்குது, வாங்கிக்கோ"ன்னு வேறு சொன்னீர்கள். சதுப்பு நிலத்தை வெட்டி எடுக்கிற மண் எனக்கு வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னேன்!

தக்காளி விதைக்கத் தேங்காய் நார்த்தூள் வாங்கினேன். போதவில்லை. பரணில் நீங்கள் சேர்த்து வைத்திருந்த கிரிக்கெட் பேப்பர்களைக் கிழித்து, ஊறவைத்துக் கலந்துவிட்டேன். பத்து நாளாகிறது. தக்காளி முளைத்து ஜம்மென்று நிற்கிறது.

பி.கு.: நாம் கோப்பை ஜெயித்த செய்தி வந்த பேப்பரை மட்டும் கிழிக்கவில்லை. என் அலமாரியில் பூட்டியிருக்கிறேன். உங்கள் அக்கா முன்னால் "தப்பு என்னோடதுதான்"னு சொல்லுங்கள். இல்லையென்றால், கத்தரி விதையும் தயார்.