ஏரோப்பிளேனைக் கட்டின கயிறு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. பதுளை.

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

பந்தய மைதானத்தில் தோட்டத்துத் துரை நிறுத்தியிருந்த சின்ன ஏரோப்பிளேனைப் போன வாரப் புயல் புரட்டிப் போட்டது. அதைக் கட்டியிருந்தது எங்கள் கடையில் வாங்கின கயிறு. "கயிறு அறுந்திருந்தா துரைக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. அப்புறம் நம்மகிட்ட யாரு சாமான் வாங்குவா?" என்று வீட்டுக்காரர் அன்று முதல் சோறு இறங்காமல் கிடந்தார்.

இன்று கொழும்பிலிருந்து இன்சூரன்ஸ்காரர் வந்தார். வீட்டுக்காரரோடு நானும் மைதானத்துக்குப் போனேன். ஏரோப்பிளேன் மல்லாந்து கிடந்தது. இறக்கையில் எங்கள் கயிறு கட்டியபடியே இருந்தது. மறுமுனையில் ஒரு கொய்யா மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது! இன்சூரன்ஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கயித்து மேல குத்தம் இல்லீங்க. முழுப் பணமும் கிடைக்கும்" என்றார். துரை எங்கள் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் முகம் வாடிவிட்டது.

"கயிறு தப்பிச்சா மீசையை எடுக்கறேன்னு கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துட்டேன்டி."

"எல்லாரையும் போல மொட்டைன்னு நேர்ந்துக்க வேண்டியதுதானே?"

"என் தலையில என்ன இருக்கு, அவருக்குக் கொடுக்க?" என்று வழுக்கையைத் தடவினார்.

இப்போது குறட்டை விடுகிறார். தூக்கத்திலும் கை மீசையை விடவில்லை.